ஒரு பேச்சுக்கு

“வர்றோம் தம்பி.”

சுயம்புலிங்கம் அண்ணாச்சி இப்படிச் சொன்னவுடன், கிறிஸ்டோபர் கையில் இருந்த கேக் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி” என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

தேனி கடைவீதியில் கிறிஸ்டோபரின் இரும்புக்கடைக்கும் அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்கும் நடுவில் ஒரே சுவர். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தீபாவளிக்கு அதிரசம் அங்கிருந்து வரும். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கேக்கும் முறுக்கும் இங்கிருந்து போகும். இன்றைக்கும் அப்படித்தான் கிறிஸ்டோபர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் வாய் சும்மா இருந்ததா? “சனிக்கிழமை மூணாறு போறோம் அண்ணாச்சி, ரெண்டு நாளு. நீங்களும் வாங்களேன்” என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார்.

ஒரு பேச்சுக்கு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து நின்றால் “வாங்க, சாப்பிடுங்க” என்கிறோமே, அந்த மாதிரி. வந்தவர் “இருக்கட்டும், இப்பத்தான் ஆச்சு” என்று சொல்லிவிட வேண்டும். இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை, ஆனாலும் ஊருக்கே தெரியும். அறுபது வயது மனிதருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போச்சு என்று வீடு வந்து சேர்கிற வரைக்கும் கிறிஸ்டோபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயத்தைச் சொன்னதும், பள்ளிக்கூட டீச்சரான அவர் மனைவி ஜெபஷீலா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். அடுப்பை அணைத்துவிட்டுப் பேச வந்தால் சாமான்யத்தில் முடியாது.

“பதினோரு வருசமாக் கேக்குறேன். ஒரே ஒரு தடவ, நம்ம மூணு பேரு மட்டும் எங்கயாச்சும் போவோம்னு. போன தடவ ஒங்க தம்பி குடும்பம் வந்துச்சு. அதுக்கு முந்தி சபைக்காரக வந்தாக. இப்ப மகிமா பெங்களூர்ல இருந்து நாலு நாளு லீவுல வந்துருக்கா. ஞாயித்துக்கிழம சாயங்காலம் பஸ் ஏறிருவா. மிச்சம் இருக்கதே ரெண்டு நாளு. அதையும் தூக்கி அண்ணாச்சிகிட்டக் குடுத்துட்டு வந்து நிக்கிறீக.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன் ஷீலா. அந்த மனுசன் பட்டுன்னு வர்றோம்னுட்டாரு.”

“மாட்டுனது நீங்க, கழட்டுறதும் நீங்க. இரும்புக்கடைதானே வச்சிருக்கீக?”

கிறிஸ்டோபருக்கு மட்டும் அந்த இரண்டு நாள் வேண்டாமா? வருஷம் முழுக்க ஷட்டரைத் தூக்கி இறக்கித் தோள்பட்டையே இறங்கிப்போய்விட்டது. மூணாறில் பால்கனி வைத்த அறை ஒன்றைப் பிடித்திருந்தார். காலையில் எட்டு மணிக்கு எழுந்து, மகளோடு தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து, ஒரு வார்த்தை வியாபாரம் பேசாமல் திரும்பி வருவதாகத் திட்டம். வேலைக்குப் போனதிலிருந்து மகிமாவோடு பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை என்பது அவருக்கு உள்ளுக்குள் பெரிய குறை.

வராதீர்கள் என்று நேராகச் சொல்லவும் வழியில்லை. கூப்பிட்ட வாயே வேண்டாம் என்று சொன்னால் கடைக்கு நடுவில் இருக்கிற ஒற்றைச் சுவர் மறுநாளே இரண்டு சுவராகிவிடும். அண்ணாச்சி தானாகவே “நாங்க வரலை” என்று சொல்ல வேண்டும். சொல்ல வைக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே திரும்பவும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். அண்ணாச்சி போர்வையைப் போர்த்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழி பிறந்துவிட்டால் பொழுது சாய்ந்ததும் வாசல் பக்கமே வராத ஆள்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் அண்ணாச்சி. காலைல நாலு மணிக்கே கெளம்புறோம்.”

உண்மையில் கிளம்ப நினைத்திருந்தது எட்டு மணிக்கு.

“நாலா?” என்ற அண்ணாச்சி, தன் மனைவி பாண்டியம்மாளைப் பார்த்தார். பாண்டியம்மாள் தரையைப் பார்த்தார்.

“ஒங்களுக்குச் சிரமம்னா...”

“சிரமம் என்ன தம்பி. இதைச் சொல்றதுக்குன்னு இம்புட்டுத் தூரம் வந்துருக்கீக. எந்திரிச்சுருவோம்.”

வீட்டுக்கு வந்து, “நாலு மணிக்குக் கெளம்பணும்” என்று கிறிஸ்டோபர் அறிவித்தார். மகிமா சிரித்தாள். ஜெபஷீலா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடையைத் திறந்ததும் முதல் வேலையாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனார்.

“அண்ணாச்சி, நம்ம கார் ரொம்பச் சின்னது. பின்னால மூணு பேரு ஒக்காந்தா முட்டிய மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. ஒங்களுக்கு முட்டி வலி வேற.”

அண்ணாச்சியின் முகம் சட்டென்று மலர்ந்தது. “அட, ஆமால்ல. அப்ப நாங்க...”

“என் வேன் சும்மாதான மாமா நிக்குது?” என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. பித்தளைக் குடங்களை இறக்கிக்கொண்டிருந்த வேல்பாண்டி. பாண்டியம்மாளின் அண்ணன் மகன். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காத பிறவி. “பன்னெண்டு பேரு காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம். நானே ஓட்டுறேன்.”

மலர்ந்த முகம் அப்படியே தொங்கிப்போனதை கிறிஸ்டோபர் கவனித்தார். ஓசிக் காரில் போக முடியவில்லையே என்கிற வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பே அவர் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது.

“ஆனா ஒண்ணுண்ணே” என்றான் வேல்பாண்டி. “போடிமெட்டு செக்போஸ்ட்டுல கேரளா பெர்மிட் கேப்பாக. என்கிட்ட இல்ல. மூணாறு ஆகாது. மேகமலை போயிருவோம், நம்ம பக்கம்தானே. மேல எஸ்டேட்ல தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. ரெண்டு ரூம் காலியாக் கெடக்கு. இந்தா, போனைப் போட்டுட்டேன்.”

போட்டேவிட்டான். மூணாறு அறை கைவிட்டுப் போனது. ஜெபஷீலாவுக்குப் போனில் தகவல் சொன்னார்.

“பால்கனி?” என்றார் அவர்.

“அங்கன ஜன்னல் இருக்காம்.”

“கழட்டச் சொன்னா, இன்னும் ரெண்டு நட்டைப் போட்டு இறுக்கிட்டு வர்றீக. வைங்க போனை.”

மத்தியானச் சாப்பாடு கிறிஸ்டோபருக்கு உள்ளே போகவில்லை. கோபத்தில் ஒரு யோசனை வந்தது. மேகமலைதானே? அதை வைத்தே விரட்டிவிடலாம். மூன்றாவது தடவையாக அண்ணாச்சியைத் தேடிப் போனார்.

“அண்ணாச்சி, ஒங்க நன்மைக்குச் சொல்றேன். மேகமலைல அட்டை கடிக்கும். ரூம்ல சுடுதண்ணி கெடையாது. போன் டவர் கெடையாது. போன வாரம் யானை வேற வந்துச்சாம், ரூம் இருக்க பக்கமாவே.”

யானை அவருடைய சொந்தத் தயாரிப்பு.

“வீட்டுக்குள்ளயெல்லாம் வராதுல்ல தம்பி?”

“அதுக்கு யாரு உத்தரவாதம் குடுக்குறது?”

அண்ணாச்சி கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கிறிஸ்டோபரை ஒரு தடவை பார்த்தார். “நீங்க இருக்கீகள்ல? வர்றோம் தம்பி” என்றார்.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். யானைக்கே அசையவில்லை. கிறிஸ்டோபருக்குக் காதுமடல் சுட்டது. கடைக்கு வந்து, அரை இஞ்ச் பைப் கேட்டவருக்கு முக்கால் இஞ்சைக் கொடுத்து, அவர் திரும்பி வந்து கேட்டபோது அவரிடமும் எரிந்து விழுந்தார்.

கடையடைக்கிற நேரத்துக்குக் கடைசி அஸ்திரத்தோடு கிளம்பினார்.

“அங்கன கடை கண்ணின்னு ஒண்ணும் கெடையாதாம் அண்ணாச்சி. ஆறு பேருக்கும் நாமளேதான் பொங்கணும். அண்டா, சட்டி, கரண்டி எல்லாத்தையும் இங்கன இருந்தே தூக்கணும். எங்க வீட்டுல அம்புட்டுப் பெரிய பாத்திரத்துக்கு நான் எங்க போக?”

சொல்லி முடித்த பிறகுதான் எந்தக் கடையில் நின்று பேசுகிறோம் என்பது உறைத்தது. தலைக்கு மேலே வரிசை வரிசையாகச் சட்டிகள் தொங்கின. கால்மாட்டில் அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அண்ணாச்சியும் அவற்றை மேலும் கீழும் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“பாத்திரம் நம்மகிட்ட இருக்கு தம்பி” என்றார், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

சனிக்கிழமை காலை நாலு மணிக்கு வேன் வந்தபோது, அண்ணாச்சி ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா சகிதமாக வாசலில் நின்றார். மூன்று மணியிலிருந்தே நிற்பதாகப் பாண்டியம்மாள் சொன்னார். எவ்வளவு அலைகிறார் பாருங்கள் என்று கிறிஸ்டோபர் பல்லைக் கடித்தார்.

“கயலு கோயமுத்தூர்ல இருந்து இன்னைக்குப் பிள்ளைகளோட வர்றதா இருந்துச்சு” என்று பாண்டியம்மாள் ஜெபஷீலாவிடம் சொல்வது காதில் விழுந்தது. “அடுத்த வாரம் வாத்தான்னு சொல்லிட்டோம். அவுகளுக்குப் பேரப்பிள்ளைகன்னா உசுரு. என்ன செய்ய?”

பெற்ற மகளையும் பேரப்பிள்ளைகளையும் வராதே என்று சொல்லிவிட்டு ஊர் சுற்ற வந்திருக்கிறார். இப்படியும் ஒரு மனுசனா என்று கிறிஸ்டோபருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சின்னமனூர் தாண்டி மலையடிவாரத்துக்கு ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வனத்துறை கேட் பூட்டிக் கிடந்தது. ஆறு மணிக்குத்தான் திறப்பார்களாம்.

“எட்டு மணிக்குக் கெளம்பிருந்தா நல்லாத் தூங்கிட்டு வந்துருக்கலாம்” என்றார் ஜெபஷீலா. ஒரு மணி நேரம் வாடைக்காற்றில் உட்கார்ந்திருந்த அவர், அதற்கு மேல் கணவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கேட் திறந்தது. மலை ஏற ஆரம்பித்தார்கள். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவில் அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தை எடுத்தார். இரண்டாவது வளைவில் பையை எடுத்தார். மூன்றாவது வளைவிலிருந்து அவரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. பெண்கள் மூன்று பேரும் முன்சீட்டில் இடம் பிடித்துக்கொண்டதால், பக்கத்தில் உட்கார்ந்து பையைப் பிடிக்கும் பொறுப்பு கிறிஸ்டோபர் தலையில் விழுந்தது. பின்னால் கிடந்த அண்டா, வலது வளைவில் போய் இடது வளைவில் வந்து, ஒவ்வொரு தடவையும் அவர் கணுக்காலைக் கண்டுபிடித்து இடித்தது.

“நல்லாருக்கு தம்பி, எடம்” என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமலே.

மேலே இரண்டு அறை. ஒன்றைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று கிறிஸ்டோபருக்கும் அண்ணாச்சிக்கும். வேல்பாண்டி வேனிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். சுடுதண்ணீர் உண்மையாகவே இல்லை. அதில் கிறிஸ்டோபர் பொய் சொல்லவில்லை.

பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்தது. தோட்டமும் ஏரியும் துலக்கமாகத் தெரிந்தன. மகிமா வந்து, “வாங்கப்பா, ஏரி வரைக்கும் நடந்துட்டு வருவோம்” என்று கையைப் பிடித்தாள். இதற்காகத்தானே பதினோரு வருஷம். கிறிஸ்டோபருக்கு ஒரு நிமிஷம் எல்லாக் கோபமும் இறங்கிப்போனது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினால், குரங்குக் குல்லா பின்னால் நின்றது.

“நானும் வர்றேன் தம்பி. யானை வருதுன்னு சொன்னீகள்ல. தனியா இருக்க மனசு கேக்கல.”

ஏரி வரைக்கும் அண்ணாச்சி கிறிஸ்டோபரின் முழங்கையை விடவில்லை. பாதையோரம் இலை அசைந்தால் நின்றார். குருவி பறந்தால் நின்றார். மகிமா கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நான் அம்மாகிட்டப் போறேன்ப்பா” என்று திரும்பிவிட்டாள். அப்போதுதான் ஓர் அட்டை, இரண்டு ஆண்களில் கிறிஸ்டோபரைத் தேர்ந்தெடுத்துக் கடித்தது. மகள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு, காலில் ரத்தம் வடிய, முழங்கையில் அண்ணாச்சி தொங்க, அந்த மனிதர் நின்ற நிலையை எதிரிக்கும் ஆண்டவர் தரக் கூடாது.

அறைக்குத் திரும்பினால் அங்கே வேறு கதை. முற்றத்தில் அண்டாவை ஏற்றிக் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகிமா பாண்டியம்மாளிடம் ஆபீஸ் கதையெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜெபஷீலா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து நாளைக்கு முந்தி பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சைத் தாளைக் கட்டிக்கொண்டு அழுத அதே ஜெபஷீலா.

“அக்கா கைக்குழம்பு என்னா ருசிங்கிறீக” என்று கணவரிடம் சொன்னார். வனத்துறை கேட்டைத் தாண்டிய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

கிறிஸ்டோபருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நேரம் இரண்டு பேருமாகச் சேர்ந்துதானே கோபப்பட்டார்கள்? இவர் பாட்டுக்குக் கட்சி மாறிவிட்டாரே. இப்போது மொத்தக் கோபத்தையும் ஒற்றை ஆளாகச் சுமக்க வேண்டியதாகிவிட்டது.

சாயங்காலம் பெண்கள் மூவரும் ஏரிக்கரைக்குப் போய் இருநூறு படம் எடுத்தார்கள். பாண்டியம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். மகிமா அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாள். சிரிப்புச் சத்தம் அறை வரைக்கும் கேட்டது. அறைக்குள் அண்ணாச்சி கம்பளிக்குள்ளிருந்து, “நல்லாருக்கு தம்பி, ரொம்ப நல்லாருக்கு” என்றார். பல் தந்தியடித்தது. விடிய விடிய யானை வந்துவிட்டதா என்று கேட்டு ஏழு தடவை கிறிஸ்டோபரை எழுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறங்கினார்கள். அதே பதினெட்டு வளைவு, அதே பை, அதே அண்டா. சின்னமனூரில் வேன் நின்றதும் பெண்கள் திராட்சை வாங்க இறங்கினார்கள். அண்ணாச்சி கண்ணை மூடி ஜன்னலில் சாய்ந்துகொண்டார்.

“அடுத்த வருசமும் பாண்டியம்மா பெரியம்மா கூடத்தான்ப்பா” என்று மகிமா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் நாலு மணி நேரத்தில் அவள் பஸ் ஏறிவிடுவாள். இரண்டு நாளில் அவளோடு நடந்தது இருநூறு அடி.

அவ்வளவுதான். கிறிஸ்டோபருக்கு உள்ளே கட்டிவைத்திருந்தது அறுந்துபோனது. டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்த வேல்பாண்டியிடம் விறுவிறுவென்று போனார்.

“ஏம்ப்பா வேல்பாண்டி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. ஒங்க மாமாவுக்கு வயசு அறுபது ஆகுது. நல்ல நாளு, வீட்டு வாசல்ல நிக்கிறோம், நீங்களும் வாங்களேன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஒரு பேச்சுக்குப்பா. அது கூடவா ஒரு மனுசனுக்குப் புரியாது? மக வர்றா, பேரன் வர்றான், குளிரு ஆகாது, வண்டி ஆகாது, யானைன்னா உசுரு போகுது. அப்பறம் எதுக்கு வரணும்? பதினோரு வருசமாக் காத்துக்கெடந்த ரெண்டு நாளு போச்சே. எனக்கு வர்ற கோவத்துக்கு அந்த அண்டாவத் தூக்கி நடுரோட்டுல வீசணும் போல இருக்கு.”

வேல்பாண்டி டீயைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கீழே வைத்தான். வேனுக்குள் வாயைப் பிளந்து கிடந்த மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, எங்க மாமா அன்னைக்கு ‘வர்றோம்’னு சொன்னதே ஒரு பேச்சுக்குத்தான், மறுநா ஏதாச்சும் சாக்குச் சொல்லிக்கிருவோம்னு இருந்த மனுசனை, நாலு தடவ தேடி வந்து கூப்புட்டு, விடாம இழுத்துட்டு வந்தது நீங்கதானே?”